தைபேயிலிருந்து ஷாங்காய் எவ்வளவு தூரம்?

தைவானின் தலைநகர் தைபே. சீனாவின் பெருநகரம் ஷாங்காய். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்? வரைபடத்தில் அளந்தால் சுமார் 690 கிலோமீட்டர். விமானத்தில் போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இணையத்தில் தேடினாலும் இந்த விடைதான் கிடைக்கும். ஆனால் சாதாரணப் பயணிக்கு இந்த விடை 2008ஆம் ஆண்டின் கடைசியில்தான் உண்மையானது. அதற்கு முன்பு?

1949ல் உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக்கின் அரசு தைவானுக்கு இடம் பெயர்ந்தது. அவரோடு லட்சக்கணக்கான சிப்பாய்களும் கடல் தாண்டி வந்தார்கள். பலர் இளைஞர்கள். சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பி வந்தவர்கள். ஆனால் இரு கரைகளுக்கும் நடுவே நேரடிப் போக்குவரத்து அடியோடு நின்றுபோனது.

சீனாவில் இருக்கும் சொந்தபந்தங்களைப் பார்த்துவர தைவான் அரசு அனுமதித்தது 1987 நவம்பரில். அதாவது 38 வருடம் கழித்து! அப்போதும் நேரடி விமானம் கிடையாது. பெரும்பாலோர் ஹாங்காங் போய் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் மாறிப் போனார்கள். தைபேயிலிருந்து ஹாங்காங் சுமார் 800 கிலோமீட்டர், அங்கிருந்து ஷாங்காய் சுமார் 1,230. ஆக, 690 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். வடக்கே போக வேண்டியவர் முதலில் தென்மேற்கே போக வேண்டும்! இரண்டு மணி நேரப் பயணம் ஒரு பகல் பொழுதையே விழுங்கியது.

இந்தச் சுற்று குறைந்த விதத்தைப் பாருங்கள். 2003 சீனப் புத்தாண்டுக்குச் சிறப்பு விமானங்கள் விட்டார்கள். ஆனால் வழியில் ஹாங்காங்கிலோ மக்காவிலோ தரையிறங்கியாக வேண்டும். 2005ல் இறங்க வேண்டியதில்லை, ஹாங்காங் வான்வெளி வழியாகப் பறந்தால் போதும் என்றார்கள். 2008 ஜூலையில் வாரக் கடைசி விமானங்கள் வந்தபோதும் அதே வளைவுதான். 2008 டிசம்பர் 15 அன்றுதான் நேர் பாதை திறந்தது. இதற்கிடையில் கடல் சுருங்கிவிடவில்லை, விமானத்தின் வேகமும் கூடிவிடவில்லை. மாறியது ஒப்பந்தத் தாள் மட்டுமே.

தைவானின் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. தன்னைச் சொந்தம் கொண்டாடும், ஏவுகணைகளைக் குறி வைத்திருக்கும் ஒரு பெரிய நாட்டுக்கு வான்வழியைத் திறந்துவிட எந்த அரசும் யோசிக்கத்தான் செய்யும். ஆனால் 2008ல் அந்தச் சண்டை ஒன்றும் தீர்ந்துவிடவில்லையே! யார் தனி நாடு, யார் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு விமானம் விட முடிந்தது என்றால், அதை முன்பே செய்திருக்கலாம் என்றுதானே அர்த்தம்?

1949ல் இருபது வயதில் வந்த சிப்பாய்க்கு 2008ல் வயது 79. விமான நிலையத்தில் காத்திருக்கவும் விமானம் மாறி ஏறவும் உடம்பில் தெம்பு இருந்த காலத்தில் அவருக்குச் சுற்றுப்பாதை. நேர் பாதை வந்தபோது, ஊரில் காத்திருந்த தாயோ தகப்பனோ உயிரோடு இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அரசுகளுக்குப் பேசித் தீர்க்க எத்தனை வருடமும் இருக்கிறது. மனிதனுக்கு அப்படி இல்லை. இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் எழுதினால் பாதி விடைதான். நேராகப் போக விட்டார்களா என்பதும் சேர்ந்தால்தான் முழு விடை.