மூன்று கால் முயலும் மனித மூளையும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனிடம் நான்காவது காலைத் தொட்டுக் காட்டினாலும், அவன் அதனை வால் என்பானேயன்றிக் கால் என்னான். இத்தகையோரை அறிவு குறைந்தவர் என்று ஒதுக்கிவிடுவது உலக வழக்கம். கல்வி பெருகப் பெருகப் பிடிவாதம் தேயும் என்பது, கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு இனிக்கின்ற கொள்கையுமாகும். எனினும் அண்மைக் காலத்து ஆராய்ச்சிகள் சில இக்கொள்கையை ஐயத்துக்கு இடமாக்கியுள்ளன.

கப்லன், கிம்பெல், ஹரிஸ் என்னும் மூவர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவின் தென் கலிபோர்ணியா சர்வகலாசாலையில் அது நிகழ்ந்தது. தாராளவாத அரசியலில் உறுதியான பற்றுடைய 40 பேரைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொருவரையும் மூளையைப் படம்பிடிக்கும் காந்தக் கருவியினுள்ளே படுக்க வைத்தனர். அவர்கள் உண்மையென நம்பும் கூற்றொன்றை முதலிற் காட்டுவர். பின்னர் அதனை மறுக்கும் வாதங்கள் ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவர். மறுப்புரைகளுட் சில மிகைப்படுத்தப்பட்டவையே என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூற்றுக்கள் இருவகைப்பட்டன. துப்பாக்கி வைத்திருப்பதற்கான சட்டங்கள் இறுக வேண்டும் என்பது போன்றவை ஒருவகை. மின்குமிழைக் கண்டுபிடித்தவர் தோமஸ் எடிசன் என்பது போன்றவை மறுவகை. எடிசனுக்கு ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு முன்னரே ஹம்பிரி டேவி என்னும் ஆங்கிலேயர் மின்விளக்கொன்றை எரித்துக் காட்டினார் என்பது போன்ற செய்திகளைப் படித்தபோது, இரண்டாம் வகை நம்பிக்கைகள் வெகுவாகத் தளர்ந்தன. அரசியல் நம்பிக்கைகளோ அசைந்தும் அசையாமலும் நின்றன.

அக்கருவி எண்ணங்களைப் படிப்பதன்று. மூளையின் ஒரு பகுதி உழைக்கும்போது ஆங்கே ஒட்சிசன் மிக்க குருதி கூடுதலாகப் பாய்கின்றது. ஒட்சிசனை ஏந்திய ஈமோகுளோபினும் அதனை இழந்த ஈமோகுளோபினும் காந்தப் புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்வன. இவ்வேறுபாட்டைக் கொண்டு மூளையின் உழைப்பை அறியலாம் என 1990 ஆம் ஆண்டில் சீஜி ஒகாவா என்னும் யப்பானிய விஞ்ஞானி காட்டினார். ஆகவே நாம் காண்பது குருதியோட்டத்தின் சுவடேயன்றிச் சிந்தனையன்று. அச்சுவடும் சில வினாடிகள் பிந்தியே வரும். கணக்கிற் கவனம் பிசகினால் இல்லாததும் தோன்றும். 2009 ஆம் ஆண்டில் சிலர் இறந்த சல்மன் மீனொன்றை இக்கருவியினுள் வைத்து, அதற்கு மனிதரின் படங்களைக் காட்டி, செத்த மீனின் மூளையும் வேலை செய்வது போன்ற புள்ளிகளைப் பெற்றனர்! புள்ளிவிபர முறைப்படி திருத்தியதும் அவை மறைந்தன. மூளைப் படம் என்றவுடன் மயங்கிவிடுவோர் இம்மீனை நினைவில் வைத்திருத்தல் நன்று.

இவ்வெச்சரிக்கையோடு ஆய்வின் முடிவைப் பார்ப்போம். அரசியல் நம்பிக்கை தாக்கப்பட்ட வேளையில், ஒருவர் வெளியுலகை விட்டுத் தம்மைப் பற்றி எண்ணும்போது உழைக்கும் பகுதிகளே கூடுதலாக உழைத்தன. கருத்தை மாற்ற மறுத்தவர்களிடத்தே, வாதுமைப் பருப்பின் வடிவினதான அமிக்டலாவிலும், உடலினுள்ளே எழும் உணர்வுகளை அறியும் இன்சுலாவிலும் கிளர்ச்சி மிகுந்து காணப்பட்டது. அமிக்டலா ஆபத்தை உணர்வதோடு தொடர்புடையது. அதற்கு வேறு தொழில்களும் உண்டாதலின், அவர்கள் அஞ்சினர் என்று அறுதியிட்டுக் கூறலாகாது. ஆயினும், எடிசனைப் பற்றிய வாதம் எடிசனோடு நின்றுவிடுகின்றது, துப்பாக்கியைப் பற்றிய வாதமோ 'நான் யார்' என்பதைப் பற்றிய வாதமாகிவிடுகின்றது என்று கொள்ள இடமுண்டு. எதிர்க்கட்சிக்காரரின் மூளை இப்படித்தான் என்று மகிழ எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம்: சோதிக்கப்பட்ட நாற்பதின்மரும் ஒரே பக்கத்தினர்.

விஞ்ஞான விடயங்களுக்கு இஃது எங்ஙனம் பொருந்தும்? ஒளியின் வேகத்தைப் பற்றி எந்த வீட்டிலும் சண்டை மூள்வதில்லை. காலநிலை மாற்றமோ ஐக்கிய அமெரிக்காவிற் கட்சிக் கொடியோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது. யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த டான் கஹானும் அவருடைய கூட்டாளிகளும் 1,540 அமெரிக்கரை வினாவிப் பெற்ற முடிவுகளை 2012 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விஞ்ஞான அறிவும் எண்ணறிவும் மிக்கோரிடையே கருத்தொற்றுமை மிகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ நேர்மாறு, பிளவு அவர்களிடையேதான் மிக அகலமாயிருந்தது. கற்றவர் தம் சார்பினரின் கொள்கைக்கு வேண்டிய காரணங்களைத் தேடி அடுக்குவதில் வல்லுநராகிவிடுகின்றார் போலும். எமக்கு இது வருத்தந் தந்த செய்தி. தடுப்பூசிக்கு அஞ்சும் தாயொருத்தியை அயலவர் முன்னிலையிற் பரிகசித்துத் திருத்த முயல்வோரும் இதனைச் சிந்திக்கலாம். அவள் காதில் விழுவது ஊசியைப் பற்றிய சொல்லன்று, 'நீ நல்ல தாயல்லள்' என்பதே.

கஹான் இப்போக்கை மடமை என்று கொள்ளவில்லை. அவர் கூறும் காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். காலநிலை மாற்றத்தைப் பொய்யென்று ஊரார் எல்லோரும் நம்பும் அமெரிக்கச் சிற்றூரொன்றில் கடை வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பார்க்க. அவர் ஒருவர் தவறாக எண்ணுவதனாற் கடல் ஓர் அங்குலமும் உயரப் போவதில்லை. ஊராரோடு மாறுபட்டாலோ நாளைக்கே வாடிக்கை குறையும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அருகே அமர ஆளிராது. அவருடைய கணக்கு அவரளவிற் சரியானதே. அதே கணக்கைக் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்குச் செல்கின்றனர்.