நோன்பு திறந்ததும் பெனடோலா?



நோன்புத் தலையிடிக்கு நாம் என்ன செய்கிறோம்? பேரீத்தம்பழம், கஞ்சி, பப்பாசி என்று வயிறு நிறைய உண்டபின் இரண்டு பெனடோல். அரை மணியில் வலி குறையாவிட்டால் இன்னும் இரண்டு!

பழத்திலுள்ள பெக்டினும் மாச்சத்தும் மருந்து இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கின்றன. மருந்து வீணாவதில்லை, பிந்தி வருகிறது, அவ்வளவுதான். அதற்குள் அவசரப்பட்டு மாத்திரையைக் கூட்டினால் பாரம் ஈரலுக்கு. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு, நான்கு மணி நேரமாவது இடைவெளி, 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை 8க்கு மேல் கூடவே கூடாது.

ஒரு பேரீத்தம்பழத்தோடு நோன்பு திறந்து, தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு மஃரிப் தொழுதால் என்ன? கஞ்சி எங்கே ஓடிவிடப் போகிறது!

இது பெனடோலுக்கு மட்டும்தான். புரூஃபன், டைக்ளோபெனக் போன்றவற்றை வெறும் வயிற்றில் போட்டுவிடாதீர்கள்.