ஒன்றியமும் மத்தியமும்

நம் ராஜ்யத்தில் ஒருவர் இன்ன கட்சியினர் என்றறியக் கொடியைப் பார்க்க வேண்டுவதில்லை. முகநூலிலோ எக்ஸ் தளத்திலோ அவர் எழுதும் இரண்டு வரி போதும். டில்லிச் சர்க்காரை ‘ஒன்றிய அரசு’ என்றெழுதினால் ஒரு பக்கம். ‘மத்திய அரசு’ என்றெழுதினால் மறு பக்கம். விஷயத்தை ஆராய்வோர் சிலரே. அந்த ஒரு சொல்லைக் கண்ட மாத்திரத்தில் கைதட்டுவோரும் வைவோரும் பலர்.

2021 மே மாதம் தி.மு.க. மந்திரிசபை பதவியேற்றதும் ‘ஒன்றிய’ என்பது சர்க்கார் அறிக்கைகளிலும் ஏறியது. ஜூன் 23-ல் சட்டசபையில் இது குறித்துக் கேள்வி எழுந்தபோது, அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்தே இந்தியாவை ராஜ்யங்களின் ஒன்றியம் என்று கூறுவதை முதன் மந்திரியாயிருந்த ஸ்ரீ மு. க. ஸ்டாலின் எடுத்துக் காட்டினார். அது உண்மையே. ஆனால் ‘மத்திய சர்க்கார்’ என்பதும் சட்டம் அறியாத சொல்லன்று. 1897-ஆம் வருஷத்துப் பொது ஷரத்துகள் சட்டம் அதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. ஆகவே சட்டத்தைக் காட்டி ஒருவர் வாயை மற்றொருவர் அடைக்க இயலாது.

ஒன்றியம் என்பதில் பிரிவினை வாடை வீசுவதாக அஞ்சுவோரும் உளர். 1948 நவம்பர் 4-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் நகல் சட்டத்தைப் பிரேரேபித்த டாக்டர் அம்பேத்கார், ‘யூனியன்’ என்ற பதத்தின் காரணத்தை விளக்கினார். இந்தச் சமஷ்டி ராஜ்யங்களின் உடன்படிக்கையால் பிறந்ததன்று. ஆகையால் விலகிச் செல்லும் உரிமை எந்த ராஜ்யத்திற்கும் இல்லை. இதைத் தெளிவாக்கவே அப்பதம் என்றார். எனவே அஞ்சுவோர் அஞ்சக் காரணமில்லை. அச்சொல்லை உச்சரித்த அளவில் ராஜ்யத்தின் உரிமை ஓங்கிவிட்டதாகக் களிப்போருக்கும் களிக்கக் காரணமில்லை.

2023 ஜனவரியில் மற்றொரு சொல் அகப்பட்டுக் கொண்டது. அப்போது கவர்னராயிருந்த ஸ்ரீ ஆர். என். ரவி, ‘தமிழகம்’ என்பதே பொருத்தம் என்று பேசினார். 1969 ஜனவரி 14 முதல் சட்டப்படி நமது பெயர் தமிழ்நாடு; ஆகவே கோபம் பிறந்தது இயல்பே. பெயரை மாற்றச் சொல்லவில்லையென்று அவரும் அம்மாதம் 18-ல் விளக்கினார். ஆயினும் அதுவரை இரண்டையும் பேதமின்றி வழங்கி வந்த தொண்டர் பலர் ‘தமிழகம்’ என்பதை விலக்கலாயினர். ஒரு கவர்னர் எடுத்தாண்டாரென்பதற்காகப் புறநானூற்றுச் சொல்லை நாம் அவருக்கே தத்தம் செய்துவிடுவதா?

நமது கவலை வேறு. 2016-ஆம் வருஷத்து 101-வது திருத்தத்தால் அமைந்த சரக்கு சேவை வரிக் கவுன்சிலில், அளிக்கப்படும் வாக்குகளில் டில்லிக்கு மூன்றிலொரு பங்கு மதிப்பு. ராஜ்யங்கள் அனைத்திற்கும் சேர்த்து மூன்றிலிரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ராஜ்யங்கள் யாவும் ஒருமுகமாய் நின்றாலும் டில்லி இசையாமல் ஒன்றும் நடவாதென்பது கணக்குப் போட்டால் விளங்கும். இதனை ‘ஒன்றிய’ என்று எழுதிக் கண்டிப்பவரும் இருக்கலாம். ‘மத்திய’ என்று எழுதிக் கண்டிப்பவரும் இருக்கலாம். பின்னவரை முதற் சொல்லிலேயே தள்ளிவிடாமல், கடைசி வரி வரை படிக்கும்படி நம் நண்பர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.