கூட்டுக் குதிரையும் குலையாத நட்பும்

கூட்டாக வாங்கிய ஒன்றைக் கூட்டாக வைத்துக்கொள்ள இயலாத நிலை வந்தால் என் செய்வது? இக்கேள்வியை ஒரு கூட்டுறவுப் பத்திரிகையில் எழுப்புவதே அபசகுனம் என்று சிலர் கருதக்கூடும். கூடி வாழ்வதைப் போதிக்க வேண்டிய ஏடு பிரிவதைப் பற்றிப் பேசலாமா என்பர். பேசத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முறையாகப் பிரியத் தெரிந்தவர்களுக்கே கூடியிருந்த காலத்தின் நன்மை பின்னரும் நிலைக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் குதிரை வண்டி வாடகைக்கு ஓடிய காலம் போயிற்று. ஆயினும் குதிரை போய்விடவில்லை. கோயில் திருவிழாக்களை ஒட்டி அறந்தாங்கி, திருமயம் வட்டாரங்களில் மாட்டுவண்டிப் பந்தயத்துடன் குதிரை வண்டிப் பந்தயமும் நடைபெறுகின்றது. தனி ஒருவரால் வாங்க இயலாத குதிரையை இருவர் அல்லது மூவர் பணம் போட்டு வாங்குவதும் உண்டு. சங்கத் தணிக்கைக்காகக் கிராமங்களுக்குச் செல்லும்போது, ஏடுகளைப் பார்த்து முடித்த பின்னர், அங்கத்தினர்கள் இத்தகைய பங்கு வழக்குகளை என் முன் வைக்கின்றனர். சங்கப் பதிவேட்டில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் இவற்றால் முறியும் உறவு, அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே வெளிப்பட்டுவிடுகின்றது.

நம் மக்களுக்குப் பங்கு என்பது புதிதன்று. ஒரே கிணற்றில் பல குடும்பங்களுக்குப் பங்கு இருக்கின்றது. இன்னாருக்கு இன்ன நாள், இத்தனை நாழிகை என்று முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாக நீர் இறைத்து வந்திருக்கின்றனர். ஒற்றை மாடு மட்டும் உடைய இரு சிறு விவசாயிகள், இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி இருவர் நிலத்தையும் உழுததும் உண்டு. இவை நீடித்ததன் காரணத்தை ஆராய வேண்டும். கிணறு, முறை இல்லாத நாளில் எவரிடமும் தீனி கேட்பதில்லை. உழவு மாடோ மாலையில் அவரவர் தொழுவத்துக்குத் திரும்பிவிடுகின்றது. அங்கே உழைப்பு பொது. உடைமையும் பராமரிப்பும் தனித்தனி.

குதிரையின் விஷயம் வேறு. அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள்தோறும் புல்லும் கொள்ளும் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். லாடத்தைக் கவனிக்க வேண்டும். வயிற்றுவலி கண்டால் ஓரிரவிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். அப்போது மருத்துவருக்குப் பணம் கொடுப்பது யார் முறை என்று விவாதித்துக்கொண்டிருக்க இயலாது. நன்கு பேணினால் 25 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி அது. ஒரு பந்தயப் பருவத்து உற்சாகத்தில் கைகோத்தவர்கள், கால் நூற்றாண்டுப் பொறுப்பைத் தலைமேல் ஏற்றிக்கொள்வதாக எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய கூட்டு நடவாது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஒருவர் தீனிப் பணத்தைத் தள்ளிப்போடுவார். மற்றவர் கேட்கக் கூசுவார். வெற்றி பெற்றால் இருவர் குதிரை. நொண்டினால் லாயத்துக்காரர் குதிரை. இந்த நிலையிலும், 'சற்றுப் பொறுத்தால் சரியாகிவிடும். பிரிந்தால் ஊர் சிரிக்கும்' என்று பெரியவர்கள் சமாதானம் கூறுவர். அவர்கள் நோக்கம் நல்லதே. ஆனால் பொறுத்திருக்கும் காலமெல்லாம் பட்டினி கிடப்பது வாயில்லாப் பிராணி. கடன்படுவது பங்காளிகளுள் எளியவர். நடவாத கூட்டை நீட்டிப்பது பொறுமை ஆகாது; நட்டத்தை வலிமை குறைந்தவர் தலையில் சுமத்துவதேயாகும்.

சட்டமும் இங்குச் சிந்திக்கத்தக்கது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, உடைமையாளர் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் அளிக்கத் தவறுவது குற்றம். லாயம் தம்மிடம் இல்லை என்று சொல்லிப் பணம் போட்ட பங்காளி ஒதுங்கிவிட முடியாது. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், காலவரை குறிக்கப்படாத கூட்டுத் தொழிலை ஒரு பங்காளி எழுத்து மூலம் அறிவித்து முடித்துக்கொள்ளலாம் என்கின்றது. ஒரு பொருளை இருவர் கூட்டாக உடைமை கொண்டிருப்பது மாத்திரம் கூட்டாண்மை ஆகாது. எனினும் எழுத்தில் அறிவிப்பது எந்தக் கூட்டுக்கும் நல்ல முறையே. ஒருவர் தமக்கே உரிய பெட்டையை மற்றவரிடம் பராமரிப்புக்கு விட்டு, அது குட்டி ஈன்றால், குட்டி யாருக்கு? வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து அது விட்டவருக்கே உரியது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் விதிக்கின்றது; பசுவையும் கன்றையும் உதாரணமாகக் காட்டியே விளக்குகின்றது. வாரத்துக்கு மாடு வளர்க்கும் நம் அங்கத்தினர்கள் இதனை நினைவிற்கொள்க. ஈற்றில் பாதி என்ற வாய்ப்பேச்சை எழுதி வைக்காவிட்டால், வளர்த்தவர் கை வெறுங்கையாகலாம்.

கணக்குத் தீர்ப்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். 60,000 ரூபாய்க்கு ஒரு குதிரை. ஒரு விவசாயி 40,000 ரூபாயும், ஒரு நெசவாளி 20,000 ரூபாயும் போட்டனர் என்று கொள்வோம். லாயம் நெசவாளி வீட்டில். தீனிச் செலவில் விவசாயி மாதம் 2,000 ரூபாய் தருவதாகப் பேச்சு. பத்து மாதம் தரவில்லை. குதிரை 54,000 ரூபாய்க்கு விலை போகின்றது. முதலின்படி விவசாயிக்கு 36,000 ரூபாயும் நெசவாளிக்கு 18,000 ரூபாயும் சேரும். இவ்வளவில் நிறுத்தினால் அநியாயம். விவசாயியின் பாக்கி 20,000 ரூபாயைக் கழித்தால் அவருக்கு 16,000 ரூபாயே; நெசவாளிக்கு 38,000 ரூபாய். ஏடு இல்லையேல் இந்த 20,000 ரூபாய் காற்றோடு போகும். தறியை நிறுத்திவிட்டு நெசவாளியின் வீட்டார் நாள்தோறும் குதிரைக்குச் செய்த பணிவிடைக்கோ கணக்கே இராது.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்ற பழமொழியைக் கணக்கு எழுதாமைக்குச் சாக்காகச் சிலர் கூறுவர். அது உழவனின் ஏக்கமேயன்றி அவனுக்குரிய விதியன்று. முதலுக்குப் பங்கு உண்டென்றால் உழைப்புக்கும் பங்கு உண்டு. இதனைக் கூட்டு முடியும் நாளில் அன்று, தொடங்கும் நாளிலேயே எழுதிவிட வேண்டும்.

விலை வைப்பதில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் விலை சொல்ல வேண்டும், அவ்விலைக்குக் கொள்வதா கொடுப்பதா என்பதை மற்றவர் தீர்மானிக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆனால் இருவர் கையிலும் பணம் சமமாக இருந்தால்தான் அது நியாயம். எளியவர் எவ்விலைக்கும் வாங்க முடியாதவர் என்பதை அறிந்த செல்வர், குறைந்த விலையைச் சொல்லிக் குதிரையை ஓட்டிச் சென்றுவிடுவார். ஆகையால் கால்நடை மருத்துவர் உடல்நிலையைச் சோதித்துச் சொல்ல, இருவருக்கும் உறவில்லாத வெளியார் இருவர் விலை மதிப்பதே தக்கது. மதித்த விலைக்குக் குதிரையை வாங்கும் முதல் உரிமை, பணம் மிகுதியாகப் போட்டவருக்கன்று, பேணி வளர்த்தவருக்கே இருக்க வேண்டும். தவணையில் செலுத்தவும் இடமளிக்க வேண்டும். அவர் வேண்டாமென்றால் அடுத்தவர். அவரும் வேண்டாமென்றால் சந்தை. விற்று முடியும் நாள் வரை தீனிச் செலவு இருவருக்கும் பொது. இக்கருத்தை மறுப்போர் இருக்கலாம். ஆனால் குதிரை நலம் பெறுவதும் எளியவர் ஏமாறாதிருப்பதும் இவ்வழியிலேயே கைகூடும் என்று நம்புகிறேன்.

பிரிவுக்கு வழி செய்வது கூட்டுறவுக்கு விரோதமன்று. 1844-இல் ராச்டேல் நகரத்தில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் தொடங்கிய கடையும் சரி, 1904-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் எழுந்த சங்கங்களும் சரி, எழுதிய விதிகளின் மேல் நின்றவையே. நம்மை ஆளும் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திலும், சங்கத்தைப் பதிவு செய்வதற்கு விதி இருப்பதுபோலவே கலைப்பதற்கும் விதி உண்டு. பல்லாயிரம் பேர் கூடும் அமைப்புக்கே முடிவுக்கான முறை வேண்டியிருக்க, இருவர் கூடும் கூட்டுக்கு வேண்டாமா?

குளமங்கலத்து ஐயனார் கோயிலின் வானளாவிய குதிரையையும், நமணசமுத்திரத்து மண்குதிரைகளையும் கண்டு வணங்கும் மாவட்டம் நம்முடையது. அக்குதிரைகளுக்குத் தீனி வேண்டுவதில்லை. உயிருள்ள குதிரையை வாய்ப்பேச்சை மட்டும் நம்பிக் கூட்டாக வாங்குவதோ, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும். இப்போது கூட்டுக் குதிரை வைத்திருப்போர் இந்த வாரமே உட்கார்ந்து, யார் எவ்வளவு போட்டார், யார் பேணினார், எப்படி முடிப்பது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு வைப்பார்களாக. ஏற்கெனவே மனம் கசந்தவர்கள் அடுத்த திருவிழா வரை காத்திராமல், இன்றே முறைப்படி முடித்துக்கொள்வார்களாக.