சிண்டிகேட்டும் செல்போனும்



பாகாயத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நம் வாசகர் ஒருவர் போன வாரம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். “நாலு கம்பெனி சிமென்ட் விசாரிச்சேன் சார். மூட்டை மேல பேருதான் வேற, ரேட் ஒண்ணுதான். சிண்டிகேட் போட்டுட்டாங்க” என்றார்.

ஏலத்திலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை நாம் புழங்குகிற சொல்தான். ஆனால், விலை ஒன்றாக இருப்பதாலேயே சிண்டிகேட் என்று சொல்லிவிட முடியாது. கூடிப் பேசி வைத்த விலை என்று காட்ட வேண்டும். அதை விசாரிக்க 2002-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமைந்ததுதான் டெல்லியில் இருக்கும் இந்தியப் போட்டி ஆணையம்.

சிமென்ட் விஷயம் அங்கே ஏற்கெனவே போயிருக்கிறது. கட்டுமானத் துறையினர் சங்கம் 2010-ல் புகார் கொடுத்தது. 2011 ஜனவரி, பிப்ரவரியில் சிமென்ட் உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்கள் நடந்த கையோடு விலை ஏறியதை ஆணையம் சுட்டிக்காட்டியது. 2012-ல் 11 நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம்!

அப்புறம்? வாதங்களைக் கேட்க உட்காராத ஆணையத் தலைவர் ஆணையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று 2015-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. (இப்படியும் நடக்கிறது, பாருங்கள்.) 2016-ல் ஆணையம் மறுபடி அபராதம் போட, 2018-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு ஏறியது. 2010-ல் கடைக்கால் தோண்டியவர் வீட்டில் இன்று பேரப்பிள்ளை ஓடி விளையாடும். அவர் அன்று கூடுதலாகக் கொடுத்திருந்தால், அந்தப் பணம் அவருக்கு எப்போது வரும்?

சிமென்ட்டாவது வாழ்நாளில் ஒரு முறை. செல்போன்?

அங்கே இந்தத் தாமதம் இன்னும் வலிக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆப்களையே முன்கூட்டிப் போட வைத்ததற்காக, 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். அதற்குள் நம் கைக்கு எத்தனை போன்கள் வந்து போய்விட்டன!

தப்பு நடந்த பிறகு துரத்துவதைவிட, முன்கூட்டியே கோடு கிழித்தால் என்ன? 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு இதைத்தான் சொல்கிறது. பயனாளர் எண்ணிக்கை, விற்றுமுதல் போன்ற அளவுகளைத் தாண்டிய பெரிய நிறுவனங்கள், தங்கள் சொந்தச் சரக்கை மட்டும் மேலே தூக்கிக் காட்டக் கூடாது. தங்கள் தளத்தில் விற்கும் வியாபாரியின் விவரங்களை வைத்து அவருக்கே போட்டியாக இறங்கக் கூடாது. மீறினால் உலக விற்றுமுதலில் 10 சதவிகிதம் வரை அபராதம். ஐரோப்பாவில் இதே மாதிரி சட்டம் நடைமுறைக்கே வந்துவிட்டது. நம்முடையது இன்னும் சட்டமாகவில்லை.

நமக்கென்ன என்கிறீர்களா? ஆம்பூரில் இரண்டு மெஷின் போட்டு, லெதர் செருப்பு தைத்து ஆப்பில் விற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். எந்த மாடல் ஓடுகிறது, எந்த சைஸ், எந்த ஊர், எத்தனை ரிட்டர்ன், எந்த விலைக்கு இறக்கினால் கை நீள்கிறது... எல்லாமே ஆப்காரருக்குத் தெரியும். நாளை அவரே அந்த மாடலை இறக்கினால்? பொய்கை மாட்டுச் சந்தையில் பக்கத்தில் நிற்பவர் பார்க்கக் கூடாது என்று துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற ஊர்க்காரர்கள் நாம். கடையின் கணக்கு நோட்டை மட்டும் முழுசாகத் திறந்து கொடுத்துவிட்டோம்.

ஆப் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் வீட்டு வாசலுக்கும் பார்சல் வருகிறது. ஆம்பூர் செருப்பை அசாமில் விற்றுத் தருவதும் அதே ஆப்தான். தள்ளுபடியும் நிஜம். ஆனால், தெருமுனைக் கடை பூட்டிய பிறகும் அந்தத் தள்ளுபடி இருக்குமா? மாதக் கடைசியில் பற்று எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பது யார்? அதனால்தான் இந்த மசோதா சீக்கிரம் வர வேண்டும் என்கிறேன்.

நம்மூர் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஷூ அப்பர் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக்கு இவ்வளவுதான் என்று நான்கு பேர் டீக்கடையில் பேசி முடித்தால், அதற்குப் பெயர் என்ன?

சரி, அந்தப் பாகாயம் வாசகருக்கு வருகிறேன். போட்டி ஆணையத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு, யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், தனி நபருக்குக் கட்டணம் 5,000 ரூபாய் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். “அந்தக் காசுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மூட்டை வாங்கிடுவேன் சார்” என்று சொல்லிவிட்டு, காட்பாடி பஸ் பிடிக்கக் கிளம்பினார்.

அன்புடன்,
ஆசிரியர்