கேட்கப்பட வேண்டிய கணக்கு

பொதுப் பணம் ஓர் அமானிதம். அதைக் கையாள்பவர் அதன் உரிமையாளர் அல்லர். உரியவர்களிடம் கணக்கு ஒப்படைக்கக் கடமைப்பட்ட காப்பாளர் மட்டுமே. சிற்றூர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம்கூட, நோன்புக் கஞ்சிக்கு வந்த தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஜமாஅத்தார் கேட்கின்றனர். அதே கேள்வியை நாட்டை ஆள்வோரிடம் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. கொரோனாக் காலத்தை மறந்துவிடவே நம்மில் பலர் விரும்புகிறோம். ஆனால் அக்காலத்தின் செலவுக் கணக்கை மறந்தால், அடுத்த கொள்ளைநோயின்போதும் அதே விலையை நாம் உயிர்களாகக் கொடுக்க நேரும்.

நோய் வருவதற்கு முன்பிருந்தே தொடங்குவோம். பொதுச் சுகாதாரத்திற்கான அரசுச் செலவை 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2018-19இல் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்து செலவிட்டது 1.28 விழுக்காடு மட்டுமே. மருத்துவமனைப் படுக்கையும் செவிலியரும் ஒரே இரவில் உருவாகிவிடுவதில்லை. நோய் வாசலுக்கு வந்தபின் எத்தனை கோடி அறிவித்தாலும், பல்லாண்டுப் புறக்கணிப்பை அது ஈடுசெய்யாது.

அடுத்து, உயிர்க்காற்று. மருத்துவமனைகளிலேயே ஆக்சிஜன் தயாரிக்கும் கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி 2020 அக்டோபரில்தான் கோரப்பட்டது. பின்னர் அனுமதிக்கப்பட்ட 162 நிலையங்களுக்கான தொகை 201.58 கோடி ரூபாய். இந்தியா போன்ற ஒரு நாட்டுக்கு இது பெருந்தொகை அன்று. ஆயினும் இரண்டாம் அலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த 2021 ஏப்ரல் 18 அன்று, நிறுவப்பட்டிருந்தவை 33 மட்டுமே என்று சுகாதார அமைச்சகமே தெரிவித்தது. உருளை தேடித் தெருத்தெருவாக அலைந்த பிள்ளைகளையும், மருத்துவமனை வாயிலிலேயே மூச்சடங்கிய பெற்றோரையும் நாடே கண்டது. பணம் இருந்தது, உரிய நேரத்தில் அது கருவியாக மாறவில்லை.

தடுப்பூசியின் கதையும் இதுவே. 2021-22 நிதிநிலை அறிக்கையில் இதற்கென 35,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அப்படியிருந்தும் மே மாதம் முதல், 18 முதல் 44 வயதுக்குட்பட்டோருக்கான பொறுப்பு மாநிலங்களின் தலையில் சுமத்தப்பட்டது. மத்திய அரசு 150 ரூபாய்க்கு வாங்கிய கோவிஷீல்டு ஊசிக்கு மாநிலங்களிடம் 400 ரூபாய் விலை கூறப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் 300 ஆனது. ஒரே நாட்டின் மாநிலங்கள் ஒரே மருந்துக்காகச் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. இக்கொள்கை தன்னிச்சையானது என்று சாடிய உச்ச நீதிமன்றம், 35,000 கோடி எவ்வாறு செலவாகிறது என்று விளக்கம் கேட்டது. அதன் பின்னரே, ஜூன் 7 அன்று, கொள்முதலை மத்திய அரசே ஏற்பதாகப் பிரதமர் அறிவித்தார். எண்பது கோடிப் பேருக்கு இலவச உணவு தானியம் அறிவித்ததும், பின்னாளில் தடுப்பூசி நாடெங்கும் சென்று சேர்ந்ததும் பாராட்டத்தக்கவையே. அதை மறைப்பது நீதியாகாது. ஆனால் தாமதித்த மாதங்களில் இழந்தவர்களை அந்தச் சாதனை திருப்பித் தரவில்லை.

பி.எம். கேர்ஸ் நிதியையும் நாம் கேட்டாக வேண்டும். பிரதமரே தலைவர்; மூத்த அமைச்சர்கள் அறங்காவலர்கள்; பொதுத்துறை நிறுவனங்கள் நன்கொடையாளர்கள். 2020 மார்ச் இறுதிக்குள், தொடங்கிய சில நாள்களிலேயே 3,076 கோடி ரூபாய் சேர்ந்தது. ஆனால் தகவல் உரிமைச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்கின்றனர். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கையும் இதற்கு இல்லை. மக்கள் விரும்பி அளித்த நன்கொடைதானே, தனியார் தணிக்கையாளர் பார்த்துவிட்டாரே என்று சிலர் வாதிடலாம். மக்கள் நம்பி அளித்தது அரசின் பெயரைக் கண்டுதான். பணம் வாங்கும்போது அரசாகவும், கணக்குக் கேட்கும்போது தனி அறக்கட்டளையாகவும் இருப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இறந்தோரின் குடும்பங்களுக்கு நான்கு இலட்சம் ரூபாய் கோரப்பட்டபோது, மாநிலப் பேரிடர் நிதியே தீர்ந்துவிடும் என்று மத்திய அரசு நீதிமன்றத்தில் வாதிட்டது. முடிவில் வழங்கப்பட்டது 50,000 ரூபாய். அதுவும் கொரோனா மரணம் என ஏற்கப்பட்டோருக்கே. 2021 இறுதிவரை அரசு காட்டிய எண்ணிக்கை ஏறத்தாழ 4.8 இலட்சம்; உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 47 இலட்சம். அம்மதிப்பீட்டு முறையை இந்திய அரசு மறுத்தது. எது சரியென்பதைத் தீர்க்கும் வழி, வெளிப்படையான மரணப் பதிவே. எண்ணப்படாத மரணத்துக்கு இழப்பீடும் இல்லை. அதிலிருந்து பாடமும் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. அரசின் பெயரால் திரட்டப்படும் ஒவ்வொரு ரூபாயும் அரசுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். சுகாதாரத்திற்கு வாக்களித்த 2.5 விழுக்காடு செலவிடப்பட வேண்டும். ஒப்பந்தம் முதல் கருவி இயங்கும் நாள்வரை ஒவ்வொரு கட்டமும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். நம் இளைஞர்கள் அன்று சாதி, மதம் பாராமல் உடல்களைச் சுமந்து நல்லடக்கம் செய்தார்கள். அந்தச் சேவைக்கு அல்லாஹ் கூலி வழங்குவானாக. ஆனால் சுமக்க வேண்டிய உடல்களே குறைந்திருக்கலாம் அல்லவா என்று கேட்பதும் சேவைதான். வாக்குக் கேட்டு வருவோரிடம் அக்கேள்வியை நாம் கேட்போம்.