மெத்தனாலோடு தண்ணீரையும் அளக்க வேண்டும்

2009 அக்டோபரில் தோஷிபா நிறுவனம் ‘டைனாரியோ’ என்ற கையடக்கக் கருவியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. விலை 29,800 யென். மொத்தமே 3,000 கருவிகள். 14 மில்லிலிட்டர் மெத்தனாலை நிரப்பினால், மின்இணைப்பு இல்லாத இடத்திலும் கைப்பேசிக்கு சார்ஜ் ஏறும். ஆனாலும் இந்த ரகக் கருவிகள் வீட்டுப் பொருளாகவில்லை. லித்தியம் பேட்டரி மலிந்துபோனது ஒரு காரணம். இவற்றில் மின்சாரம் தரும் மெத்தனால் எரிபொருள் கலத்துக்குள் இருக்கும் சவ்வு இன்னொரு காரணம்.

கலத்தின் ஒரு பக்கம் தண்ணீர் கலந்த மெத்தனால், மறுபக்கம் காற்று, நடுவில் சவ்வு. வினையூக்கி ஒரு மெத்தனால் மூலக்கூறையும் ஒரு நீர் மூலக்கூறையும் சேர்த்து உடைக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் 6 புரோட்டான்களும் 6 எலெக்ட்ரான்களும் கிடைக்கின்றன. எலெக்ட்ரான்கள் கம்பி வழியே சுற்றிப்போவதுதான் மின்சாரம். புரோட்டான்கள் சவ்வைக் கடந்து, மறுபக்கம் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும், ஜார்ஜ் ஓலா, சூர்ய பிரகாஷ் ஆகியோர் பணியாற்றிய தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தக் கலத்துக்கு இன்றைய வடிவைக் கொடுத்தன.

சவ்வு புரோட்டானை மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் தடுக்க வேண்டும். அது நடப்பதில்லை. அதிகம் பயன்படும் சவ்வு டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய நாஃபியான். டெஃப்லான் போன்ற முதுகெலும்பில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் தொங்கும் பாலிமர் அது. தண்ணீரைக் குடித்து, சில நானோமீட்டர் அளவுள்ள குட்டைகளாகத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். புரோட்டான் அந்த நீர் வழியேதான் நகர்கிறது. மெத்தனாலோ தண்ணீரில் எந்த விகிதத்திலும் கரைவது. அதே பாதையில் அதுவும் புகுந்துவிடுகிறது. மறுபக்கம் போய்ச் சேர்ந்த மெத்தனால் மின்சாரம் தராமல் வீணாக எரிவதோடு, அந்த முனையின் மின்னழுத்தத்தையும் கீழே இழுக்கிறது. அதனால்தான் கலத்துக்குள் மெத்தனாலை வெறும் 3 சதவீத அளவில் நீர்க்கச் செய்து ஊட்டுகிறார்கள்.

இழப்பு எவ்வளவு? ஜெர்மனியின் எஸ்எஃப்சி எனர்ஜி நிறுவனம் விற்கும் ‘ஈஃபோய்’ கலத்தில் 10 லிட்டர் மெத்தனால் கொள்கலன் ஒன்று சுமார் 11 யூனிட் மின்சாரம் தருகிறது. அதே 10 லிட்டருக்குள் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 44 யூனிட். முக்கால் பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. அத்தனைக்கும் சவ்வைக் குறை சொல்ல முடியாது. வினையூக்கிகளின் மந்தமும் சேர்ந்ததுதான் அது. ஆனால் சவ்வின் பங்கு சிறியதல்ல.

எல்லோரும் மெத்தனால் கசிவைப் பற்றியே பேசுகிறார்கள். தண்ணீரும் கடக்கிறது. நாஃபியானில் ஒவ்வொரு புரோட்டானும் சுமார் 3 நீர் மூலக்கூறுகளை இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு மெத்தனால் மூலக்கூறு 6 புரோட்டான்களைத் தருவதால், கூடவே 18 நீர் மூலக்கூறுகள் இடம்பெயர்கின்றன. வினைக்குத் தேவைப்படுவதோ ஒன்றே ஒன்று. எரிபொருள் பக்கம் தண்ணீர் வற்ற, காற்றுப் பக்கம் வெள்ளம் தேங்கி ஆக்சிஜனின் வழியை அடைக்கிறது. அந்த நீரைப் பிடித்துத் திருப்பி அனுப்பப் பம்பும் குளிர்விப்பானும் வேண்டும். சட்டைப்பைக்குள் அடங்க வேண்டிய கருவி பெட்டியாகிவிடுவது இங்கேதான்.

இதற்கு விடையாக வந்தவை கலப்புச் சவ்வுகள். பாலிமருக்குள் சிலிக்கா, களிமண், சியோலைட், கிராஃபீன் ஆக்சைடு போன்ற துகள்களைக் கலக்கிறார்கள். வாய்க்காலில் போட்ட கற்களைச் சுற்றி நீர் வளைந்து ஓடுவதுபோல மெத்தனாலின் பாதை நீள்கிறது. சவ்வின் உப்பலும் குறைகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான ‘சிக்ரி’யின் விஞ்ஞானிகள் இதில் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஆல்கஹாலைத் தடுத்துத் தண்ணீரை விடும் பாலிவினைல் ஆல்கஹாலோடு, புரோட்டானைக் கடத்தும் ஓர் அமிலப் பாலிமரையும் மார்டெனைட் என்ற சியோலைட்டையும் சேர்த்துச் சவ்வு செய்தார்கள். நாஃபியானைப் போலன்றி, ஃபுளோரின் இல்லாத பொருள் இது. ஃபுளோரின் சேர்மங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர ஐரோப்பாவில் 2023இல் முன்மொழிவு வந்திருக்கும் நிலையில் இந்தச் சவ்வின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

ஆனால் இத்துறையின் அளவுகோல் மாற வேண்டும். ஆய்வுக்கட்டுரைகள் பலவற்றில் மெத்தனால் ஊடுருவலை இரு கண்ணாடிக் கலன்களுக்கு நடுவே சவ்வை வைத்து, மின்னோட்டமே இல்லாமல் அளக்கிறார்கள். மின்னோட்டம் இல்லையென்றால் புரோட்டான் இழுத்துச்செல்லும் நீரும் இல்லை, அதில் கரைந்து போகும் மெத்தனாலும் இல்லை. தண்ணீரை விரும்பும் பாலிமர் மெத்தனாலைக் குறைத்துவிட்டுத் தண்ணீரைத் தாராளமாக விட்டால், அந்தச் சோதனை அதைக் காட்டாது. புதிய துகள் ஒன்றைக் கலந்து, ஊடுருவல் குறைந்தது என்று கட்டுரை எழுதுவது எளிது. துகள் கூடக்கூடப் புரோட்டானின் பாதையும் அடைபடுகிறது, சவ்வு நொறுங்குகிறது என்பது பல வாரம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மெத்தனால் என்றதும் 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவுக்கு வரும். அந்த அச்சம் நியாயமானது. இந்தக் கலம் வீடுதோறும் போக வேண்டியதில்லை. மின்கம்பி போகாத மலையில் நிற்கும் வானிலை நிலையம், காட்டுக்குள் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரம், எல்லைக் காவல் சாவடி ஆகியவைதான் இதற்கு ஏற்ற இடங்கள். அங்கும் முத்திரையிட்ட கொள்கலனில்தான் எரிபொருள் போக வேண்டும்.

எனவே சவ்வு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் அரசுத் துறைகள் இரண்டு நிபந்தனைகளை வைக்கலாம். மின்னோட்டம் ஓடும்போது சவ்வைத் தாண்டும் மெத்தனாலையும் தண்ணீரையும் தனித்தனியே அளந்து தர வேண்டும். குறைந்தது 1,000 மணி நேரம் கலத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். இதில் தேறும் சவ்வை உள்ளங்கை அளவுத் துண்டாக விடாமல், மீட்டர் கணக்கில் சுருளாக வார்த்தெடுக்கும் சிறு ஆலை ஒன்றைக் காரைக்குடியிலேயே அமைக்கலாம்.